ஆன்டிபாடி இருக்கிற சுகர் பேஷன்ட்டுக்கு இன்சுலின் அளவை சரியா பாக்குறது எப்படி

எங்க லேபுக்கு ஒரு அம்மாவோட சாம்பிள் வந்துச்சு, பல வருஷமா இன்சுலின் போடுறவங்க, பகல்ல சுகர் முந்நூறை தாண்டும், ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்த்து கொட்டி டக்குனு இறங்கிடும். ஃபாஸ்டிங் இன்சுலின் போட்டா மெஷின் லிமிட்டுக்கு மேலனு காட்டுது. சரினு 5 மடங்கும் 10 மடங்கும் டைல்யூட் பண்ணி ஓட்டி பெருக்கி பாத்தா ரெண்டும் ஒத்தே வரல. இப்படி கணக்கு உதைச்சாலே ஆன்டிபாடி மேல சந்தேகப்படுங்க.

விஷயம் என்னன்னா, போடுற இன்சுலினுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற புரதம்தான் இந்த ஆன்டிபாடி, அது இன்சுலினை பிடிச்சு வச்சுக்கும், வேணுங்கிறப்ப தராது, சாப்பிடாம தூங்குற நேரமா பாத்து விட்டுரும். உடம்புல வேலை செய்யறது பிடிபடாம இருக்கிற ஃப்ரீ இன்சுலின் மட்டும்தான். ஆனா மெஷின் எதை எண்ணுதுன்னு கிட்டை பொறுத்தது, சாண்ட்விச் கிட்ல (இன்சுலினை ரெண்டு பக்கமும் ஆன்டிபாடியால பிடிச்சு எண்ணுறது) குறைச்சலா வரலாம், பழைய ரேடியோ முறைல (கதிரியக்க இன்சுலினை கலந்து அளக்குறது) ரொம்ப கூடுதலா வரலாம்.

வேடிக்கை என்னன்னா இந்த டெஸ்ட் பிறந்ததே இதே ஆன்டிபாடியாலதான். இன்சுலின் போட்டுக்கிறவங்க ரத்தத்துல இது இருக்குனு பெர்சன், யாலோனு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க 1956-ல சொன்னப்ப, ஜர்னல்காரங்க தலைப்புல ஆன்டிபாடிங்கிற வார்த்தையை போட விடவே இல்ல. அதை வச்சே இன்சுலின் அளக்குற முறையை கண்டுபிடிச்சாங்க, 1977-ல யாலோவுக்கு நோபலும் வந்துச்சு. பெர்சன் அதுக்குள்ள இறந்து போயிட்டாரு.

சரி வேலைக்கு வருவோம். நம்ம ஆயுதம் பிஇஜி 6000 (பாலிஎத்திலீன் கிளைகால், ஆன்டிபாடியை அடில படிய வைக்கிற பொருள்), 25 கிராம் எடுத்து தண்ணி விட்டு கரைச்சு 100 மில்லி ஆக்கிக்கோங்க. ரத்தம் எடுத்தா சீரத்தை பிரிச்சு பிஇஜி போடுறதை தள்ளிப் போடாதீங்க, இதுதான் எல்லாரும் கோட்டை விடுற இடம், உடம்பை விட்டு வெளிய வந்ததும் நேரமும் சூடும் மாற மாற ஆன்டிபாடி பிடிச்சிருக்கிற பங்கும் மாறிடும், காலைல எடுத்த சாம்பிளை சாயங்காலம் பாத்தா அது வேற கதை. சிவப்பணு உடைஞ்சு சிவப்பா ஹீமோலைஸ் ஆன சாம்பிளை ஓட்டாதீங்க, சிவப்பணுவுக்குள்ள இருக்கிற என்சைம் இன்சுலினை தின்னுடும், திரும்ப எடுக்க சொல்லுங்க.

சீரம் 250 மைக்ரோலிட்டர், அதே அளவு பிஇஜி. பிஇஜி தேன் மாதிரி கெட்டி, பைபெட்டை வேகமா அமுக்குனீங்கன்னா நுனிலயே ஒட்டிக்கிட்டு அளவு குறைஞ்சிடும், மெதுவா இழுத்து மெதுவா விடுங்க. வொர்டெக்ஸ் மெஷின்ல வச்சு கலக்குனதும் பால் திரிஞ்ச மாதிரி வெள்ளையா வரும், அதுல ஆன்டிபாடியும் அது பிடிச்ச இன்சுலினும் கிடக்கும். பத்து நிமிஷம் விட்டு நல்லா சென்ட்ரிஃபியூஜ் பண்ணி, அடில இருக்கிறதை கலக்காம மேல தெளிஞ்சதை மட்டும் எடுத்து ஓட்டுங்க. ரீடிங்கை 2-ஆல பெருக்குங்க, இல்லனா பாதிதான் ரிப்போர்ட்ல போகும் (நான் ஒரு தடவை மறந்து வாங்கி கட்டிக்கிட்டேன்).

கூடவே ஆன்டிபாடி இல்லாத ஒரு நார்மல் சீரத்தையும் இதே மாதிரி பிஇஜி போட்டு ஓட்டணும், சில மெஷின்ல பிஇஜியே ரீடிங்கை ஆட்டி வைக்கும், நார்மல்லயே பெரிய வித்தியாசம் வந்தா உங்க கிட்டுக்கு இந்த முறை ஒத்து வராது.

டோட்டல் இன்சுலினும் (ஃப்ரீயும் பிடிபட்டதும் சேர்த்து) வேணும்னா முதல்ல ஆசிட் போட்டு ஆன்டிபாடியோட பிடியை விடுவிச்சு, அப்புறம் பிஇஜி, அப்புறம் காரம் போட்டு சமன் பண்ணி ஓட்டணும், சேர்த்த ஒவ்வொரு துளிக்கும் டைல்யூஷன் கணக்கு வச்சுக்கோங்க.

பேஷன்ட் கிளார்ஜின், லிஸ்ப்ரோ மாதிரி அனலாக் (கொஞ்சம் மாத்தி செஞ்ச இன்சுலின்) போடுறாங்களானு கேட்டுக்கோங்க, சில கிட்டுக்கு அதெல்லாம் கண்ணுலயே படாது, ஃப்ரீ இன்சுலின் சுத்தமா இல்லங்கும், அங்க ஆள் லோ சுகர்ல கிடப்பாரு. முடிக்கு பயோட்டின் மாத்திரை எடுக்கிறாங்களானும் கேளுங்க, அதுவும் சில கிட்டை குழப்பும். சொந்த கணையம் எவ்ளோ சுரக்குதுனு மட்டும் தெரியணும்னா சி-பெப்டைட் (கணையம் இன்சுலின் செய்யறப்ப கூடவே வர்ற துண்டு) போதும், போடுற ஊசில அது இல்ல, ஆனா புரோஇன்சுலினையும் (இன்சுலினா பிரியறதுக்கு முந்தின வடிவம்) ஆன்டிபாடி பிடிச்சு வச்சிருந்தா அதுவும் கொஞ்சம் ஏத்திக் காட்டலாம்.

ரிப்போர்ட்ல வெறும் இன்சுலின்னு போடாம "ஃப்ரீ இன்சுலின், பிஇஜி முறை"னு எழுதி, யூனிட்டையும் கிட் பேரையும் போட்டுடுங்க, இல்லனா அடுத்த தடவை வேற லேப்ல எடுத்துட்டு வந்து ஏன் மாறுதுன்னு டாக்டர் நம்மளைத்தான் போன்ல பிடிப்பாரு.