மட்கார்டு போல்டு கடைசியில்தான்: முன் ஃபோர்க்கை நேராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் பைக் சரிந்தால் பெரிதாக எதுவும் உடையாது. எடுத்து ஓட்டினால்தான் தெரியும்: சக்கரம் நேரே போகும், ஹேண்டில் மட்டும் ஒருக்களித்து நிற்கும். பல நேரம் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கின் பைப் வளைந்திருக்காது. இரண்டு பைப்பும் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

உடனே சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் வெட்டி இழுப்பார்கள். எதையும் தளர்த்தாமல் இழுத்தால் பார்வைக்கு நேராகும். முறுக்கு உள்ளேயே இருக்கும், அடுத்த பள்ளத்தில் பழையபடி திரும்பிவிடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்குக் கீழே கட்டை கொடுத்து, முன்சக்கரம் தரையை லேசாகத் தொடும்படி நிறுத்துங்கள். மட்கார்டு போல்டுகள், ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) நட்டு, கீழ் கிளாம்பு, மேல் கிளாம்பு எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். கிளாம்புகளுக்கு அரைச் சுற்று போதும். வண்டியின் பாரம் முன்பக்கம் இருக்கும்போது கிளாம்புகளை முழுதாகக் கழற்றினால் பைப் வழுக்கி மேலேறிவிடும்.

தளர்த்திய பிறகே சக்கரத்தை இடுக்கி ஹேண்டிலை நேராக்குங்கள். நேராக்கிய பிறகு கண்ணை நம்பாதீர்கள். ஒரு சாணுக்குமேல் அகலமுள்ள தடித்த கண்ணாடித் துண்டை இரண்டு பைப்புக்கும் குறுக்கே வைத்து அழுத்துங்கள். நான்கு மூலையும் படிந்தால் பைப்புகள் இணையாக உள்ளன. ஒரு மூலை ஆடினால் முறுக்கு பாக்கி இருக்கிறது. மேல் கிளாம்புக்கு மேலே பைப் நீட்டிக்கொண்டிருக்கும் உயரத்தையும் இருபுறமும் ஸ்கேல் வைத்து அளந்து சமமாக்குங்கள்.

இறுக்கும் வரிசையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. முதலில் கிளாம்புகள், அடுத்து ஆக்ஸில் நட்டு. பிறகு ஸ்டாண்டை எடுத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை ஐந்தாறு முறை அழுத்தி விடுங்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் தமக்குரிய இடத்தில் வந்து உட்காரும். ஆக்ஸிலைக் கவ்வும் போல்டு உள்ள வண்டியில் அதை இதற்குப் பிறகே இறுக்க வேண்டும். மட்கார்டு எல்லாவற்றுக்கும் கடைசி. அதன் இரும்புப் பட்டை இரண்டு கால்களையும் பாலம்போல் பிணைக்கிறது. விழுந்ததில் நெளிந்த பட்டையை முதலில் இறுக்கினால் கால்கள் உள்ளே இழுபடும், ஃபோர்க் சிக்கிச் சிக்கி வேலை செய்யும், ஃபோர்க் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் சீல் ஒருபக்கமாகத் தேயும். மட்கார்டு போல்டு விரலாலேயே ஏற வேண்டும். துளை பொருந்தவில்லை என்று ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பட்டையை நிமிர்த்துங்கள், இடைவெளி இருந்தால் வாஷர் கொடுங்கள்.

டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் ஒன்றை மறக்கவே கூடாது. பிரேக் தட்டில் உள்ள பள்ளம், ஃபோர்க் காலில் உள்ள மேட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை என்றால் பிரேக் பிடித்ததும் தட்டு சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆள் தூக்கி எறியப்படுவார்.

மண்டபம், பாம்பன், தொண்டி என்று கடலை ஒட்டியுள்ள ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. ஃபோர்க்கின் அலுமினியக் காலுக்குள் இரும்பு போல்டு உப்புக்காற்றில் வெள்ளைப் பொடி கட்டி இறுகிவிடும். பலம் கொடுத்தால் தலை முறிந்து கையோடு வரும். துரு இளக்கும் ஆயில் விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். பிறகு கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பின்வாங்கி எடுங்கள். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்டு போட்டால் போல்டு நன்றாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் அரிக்கும். எந்தப் போல்டானாலும் மரையைத் துடைத்து, மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பேஸ்ட்டை மெல்லிதாகத் தடவி மாட்டுங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும் 6 மி.மீ. போல்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும், பேஸ்ட் தடவினால் அதைவிடச் சற்றுக் குறைவு.

ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால் சீல் மாற்றும் முன் பைப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் துருக்குழி இருந்தால் புதுச் சீலையும் அது கிழித்துவிடும்.