மைசூர் அரண்மனையை நின்று நிதானமாகப் பார்க்க

மைசூருக்குக் கிளம்புகிறோம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, என்ன கிழமை போகிறீர்கள் என்றுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது, அரசு விடுமுறை நாள் என்றாலும் சரி. அந்த நாட்களில்தான் இரவு ஏழு மணி வாக்கில் அரண்மனை முழுக்க விளக்கு எரியும். தசரா சமயத்தில் தினமும் உண்டு, ஆனால் அப்போது ஊரே நிரம்பி வழியும். வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சாதாரண ஞாயிறுதான் தோது.

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். முப்பது வருஷத்துக்கு மேல் கட்டட வேலை எடுத்துச் செய்தவன். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போனபோதுதான் இந்த அரண்மனையை முதலில் பார்த்தேன். வாத்தியார் விசில் ஊத ஊத, வரிசையாக ஓடி வெளியே வந்துவிட்டோம். தங்கம், கண்ணாடி, யானைப் படம், அவ்வளவுதான் மனதில் நின்றது. தொழிலுக்கு வந்த பிறகு திரும்பப் போனபோதுதான், இது நெருப்பில் இழந்த வீட்டை மறுபடி கட்டிய கதை என்று புரிந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். கண் தானாகவே சரியான இடத்தில் நிற்கும்.

1799-இல் திப்பு சுல்தான் இறந்த பிறகு ஆட்சி திரும்பவும் உடையார் குடும்பத்துக்கு வந்தது. பட்டத்துக்கு வந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சின்னப் பிள்ளை. அவருக்காக 1803-இல் கட்டி முடித்த அரண்மனையில் பெரும்பாலும் மரவேலைதான். 1897 பிப்ரவரியில் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் கல்யாணம் நடந்தபோது தீப்பிடித்து அது எரிந்துபோனது. அப்போது பட்டத்தில் இருந்த நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வயது பன்னிரண்டு. அப்பா 1894-இலேயே இறந்துவிட்டதால், ஆட்சிப் பொறுப்பு அம்மா கெம்பநஞ்சம்மண்ணி கையில் இருந்தது. கணவர் போய் மூன்று வருஷம்கூட ஆகவில்லை, மகள் கல்யாணத்தில் வீடு எரிகிறது. அதே வருஷம் புது அரண்மனை வேலையைத் தொடங்கிவிட்டார் அந்த அம்மா. எனக்கு இந்த அரண்மனையிலேயே பெரிய விஷயம் அதுதான்.

வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிற கலைக்கூடத்திலும் கை வைத்த அதே இர்வின்தான். அந்தக் கட்டடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மைசூர் வளைவுகளும் கும்மட்டங்களும் தெரிந்த முகம் மாதிரி இருக்கும். வேலை 1912-இல் முடிந்தது. செலவு 41 லட்சத்து 47 ஆயிரத்துச் சொச்சம். நடுக்கோபுரத்தின் உயரம் 145 அடி.

சரி, உள்ளே போகலாம். காலை பத்து மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். செருப்பை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெயில் நாளில் வெளித்தளம் கொதிக்கும், அதனால் ஒரு ஜோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதை ஒருவழிதான். கூட்டம் பின்னாலிருந்து நகர்த்திக்கொண்டே இருக்கும், விட்டதைத் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. எங்கே நிற்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

முதலில் வருகிற பொம்மைத் தொட்டியில், அதாவது பொம்மைகள் வைத்திருக்கிற கூடத்தில், அதிக நேரம் வேண்டாம். விஜயதசமி ஊர்வலத்தில் சாமுண்டேஸ்வரி அம்மன் போகிற தங்க அம்பாரி இந்த அரண்மனையுடையது, எடை 750 கிலோ என்று குழந்தைகளுக்குச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். யானை வாசலின் பித்தளைக் கதவில் இரட்டைத்தலைப் பறவை இருக்கும், கண்டபேருண்டம். மைசூர் அரசின் முத்திரை அது. அப்புறம் நேராகக் கல்யாண மண்டபம்.

நிற்க வேண்டிய இடம் இதுதான். எட்டுப் பட்டை மண்டபம். ஓரமாகத் தூணருகே ஒதுங்கி, முதலில் தூணைப் பாருங்கள். மும்மூன்றாக நிற்கிற அந்தத் தூண்கள் மரமில்லை, வார்ப்பிரும்பு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் வார்த்து, கப்பலில் வந்தவை. மேலே கூரை வண்ணக் கண்ணாடி, எங்கு பார்த்தாலும் மயில். தரையிலும் மயில். கல்யாணத்தில் வந்த நெருப்பு மர வீட்டை எரித்தது, புதிதாகக் கட்டியபோது கல்யாணம் நடக்கிற மண்டபத்தை இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் அதை நினைக்காமல் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது முப்பது அடி உயரத் தூணைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, கோணம் தப்பாமல் நிறுத்தி, அதன் தலையில் கண்ணாடிக் கூரையை உட்கார வைப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று சாரம் கட்டி வேலை பார்த்தவனுக்குத் தெரியும். ஒரு கால் இஞ்சு விலகினாலும் கண்ணாடி தாங்காது.

வெயில் நேரத்தில் கண்ணாடி வழியாக வருகிற நிறம் நன்றாக இருக்கும். என் பேத்தி மயில் எண்ண ஆரம்பித்து, கழுத்து வலித்து, தரையில் இருக்கிற மயில்களுக்கு இறங்கிவிட்டாள். குழந்தைகளை எண்ண விடுங்கள், நீங்கள் பார்க்கிற நேரமும் கூடும். சுவர்களைச் சுற்றி தசரா ஊர்வல ஓவியங்கள் இருக்கின்றன. புகைப்படங்களை வைத்துக்கொண்டு வரைந்தவை. கூட்டத்தில் இருக்கிற முகங்களைக் கவனியுங்கள், ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை.

மாடியில் பெரிய தர்பார் மண்டபம். ஒரு பக்கம் திறந்தபடி, கீழே மைதானம் தெரியும். வரிசையாகப் போகிற வளைவுகளை ஒரு கோடியில் நின்று நேர்கோட்டில் பாருங்கள். இங்கே சுவரில் ரவிவர்மா ஓவியமும் உண்டு. அடுத்து வருகிற அம்பா விலாஸ் தனி தர்பார். வெள்ளிக் கதவு, தந்தம் பதித்த நூக்கமரக் கதவு, செதுக்கிய தேக்குக் கூரை எல்லாம் இங்கேதான். மரத்தை அவர்கள் முழுக்க ஒதுக்கிவிடவில்லை, அழகுக்கு வைத்துக்கொண்டார்கள். தங்கச் சிம்மாசனத்தைத் தசரா நேரத்தில் மட்டும்தான் வெளியே எடுத்துப் பார்வைக்கு வைப்பார்கள், மற்ற நாளில் தேடி ஏமாற வேண்டாம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்திலேயே ஜெகன்மோகன் அரண்மனைக்குப் போய்விடுங்கள். 1861-இல் கட்டியது. பெரிய அரண்மனை எழும்புகிற வரைக்கும் ராஜ குடும்பம் குடியிருந்தது அங்கேதான். நான்காம் கிருஷ்ணராஜர் வயதுக்கு வந்து 1902-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் அங்கேதான். இப்போது ஓவியக்கூடம். வெயிலுக்கு ஒதுங்கின மாதிரியும் ஆயிற்று.

இரவு விளக்குக்கு ஆறரைக்கே அரண்மனை முன்னால் வந்துவிட வேண்டும். கட்டடத்தை ஒட்டி நிற்காதீர்கள். நன்றாகப் பின்னால் தள்ளி, நடுக்கோபுரத்துக்கு நேராக நின்றால்தான் முழு உருவமும் கண்ணுக்குள் அடங்கும். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள், ஒரே நேரத்தில் எரியும். அந்த நொடியில் கைபேசியைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் எரியும், படம் அப்புறம் எடுக்கலாம். போன முறை என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றாள். நானும் பேசவில்லை.

ஈரோடு, கோவைப் பக்கத்திலிருந்து காரில் வருகிறவர்கள் அன்றைக்கே திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம். திம்பம் மலைப்பாதையிலும் பந்திப்பூர்ப் பாதையிலும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டியை விடமாட்டார்கள், காட்டு விலங்குகள் நடமாடுகிற இடம். மைசூரிலேயே தங்கி, விடிந்ததும் சாமராஜநகர் வழியாகக் கிளம்பினால் மதியத்துக்குள் வீடு வந்து சேரலாம்.