அலியா, டைசனா? வெவ்வேறு காலச் சாம்பியன்களை மோதவிட்டுக் கணிப்பது எப்படி

குத்துச்சண்டை ஹெவிவெயிட் சாம்பியன்களான முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் வெல்வார்? இந்தக் கேள்விக்கு நொடியில் பதில் சொல்லிவிடுகிறவர்களோடு வாதாடிப் பயனில்லை. அவர்கள் கண்முன் ஓடுவது நாக்அவுட் காட்சிகளின் தொகுப்பு. கொஞ்சம் பொறுமை இருந்தால் ஒரே மாலைப் பொழுதில் இதற்கு உருப்படியான விடை தேடலாம். நான் பின்பற்றும் முறையை இதே ஜோடியை வைத்து விளக்குகிறேன். ஜாப் என்றால் முன்னால் நிற்கும் கையால் நேராகக் குத்துவது, ஹூக் பக்கவாட்டில் வளைத்து அடிப்பது, அப்பர்கட் கீழிருந்து மேலே குத்துவது: இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு பேனா, பழைய சண்டைகளின் முழுநீளப் படங்கள். தேதி, எடை, எதிராளி விவரங்களுக்கு பாக்ஸ்ரெக் தளம் போதும். எக்ஸெல் வேண்டாம், கட்டங்களைப் பார்த்தாலே எண்களைக் கூட்டத் தோன்றும், கூட்டிய எண்ணை நம்பத் தோன்றும். வீடியோ கேம்களில் வீரர்களுக்குத் தரும் மதிப்பெண்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

கணினியிடமே கேட்டால் என்ன என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1967இல் முர்ரே வொரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், கணினிக் கணிப்பை வைத்து வானொலியில் ஒரு கற்பனைப் போட்டித் தொடர் நடத்தினார். அதில் அலி, பழங்காலச் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார்! கொதித்துப்போன அலி வழக்கே போட்டார். பிறகு 1969இல் அலியையும் ஓய்வுபெற்றிருந்த ராக்கி மார்சியானோவையும் களத்தில் இறக்கி, பல முடிவுகளோடு படம் பிடித்தார்கள். அமெரிக்காவில் காட்டிய படத்தில் மார்சியானோ 13ஆவது சுற்றில் வென்றார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி வென்றார். படம் 1970 ஜனவரியில் வெளியாவதற்குள் மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டிருந்தார். கணினி எதைச் சொன்னதோ, டிக்கெட் வாங்குகிறவர்கள் எதை விரும்பினார்களோ!

படி 1: தேதியைக் குறியுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். பெரும்பாலான வாதங்கள் திசைமாறுவதும் இங்கேதான். பெயரை மட்டும் எழுதாதீர்கள். பெயரோடு ஒரு குறிப்பிட்ட சண்டையின் நாளையும் எழுதுங்கள்.

டைசனுக்கு இது சுலபம்: 1988 ஜூன் 27, மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடிகளில் வீழ்த்திய இரவு. அந்த ஆண்டே பயிற்சியாளர் கெவின் ரூனியைப் பிரிந்தார். அதன்பின் தலையை அசைத்துக்கொண்டே நெருங்கும் பழக்கமும், குத்துகளைக் கோத்து அடிக்கும் பாணியும் மெல்லத் தேய்ந்தன.

அலிதான் தலைவலி. அவருடைய கால்கள் உச்சத்தில் இருந்தது 1966 நவம்பரில், ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றுகளில் முடித்தபோது. 1967இல் ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டத்தையும் உரிமத்தையும் பறித்தார்கள். 1970 அக்டோபர் வரை சண்டையே இல்லை. திரும்பி வந்தவர் வேறு அலி: கால் வேகம் குறைந்தவர், அடி தாங்குவதில் அசாத்தியமானவர். 1966இன் கால்களையும் 1974இன் தாங்குசக்தியையும் ஒட்டவைத்து ஒரு அலியைச் செய்துகொண்டு வாதாடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி ஒருவர் எந்த இரவிலும் களத்தில் நின்றதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் 1966ஐ எடுக்கிறேன்.

படி 2: யாருடைய விதிகள்?

அலியின் பட்டச் சண்டைகள் 15 சுற்றுகள். 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ சண்டைக்குப் பின் இறந்த பிறகு, பட்டச் சண்டைகள் படிப்படியாக 12 சுற்றுகளாகக் குறைந்தன. டைசன் தன் வாழ்நாளில் 13ஆவது சுற்றைப் பார்த்ததே இல்லை. எனவே 12க்கு ஒன்று, 15க்கு ஒன்று என இரண்டு விடைகள் எழுதுங்கள்.

ஜாக் டெம்ப்சி காலத்துக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். 1919இல் ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தியபோது, எழுந்திருக்க முயல்பவரின் தலைமாட்டிலேயே நின்று மறுபடி அடிக்க முடிந்தது. இன்றைய நடுவர் அவரை மூலைக்கு அனுப்பிவிடுவார்.

படி 3: உடல் அளவு

அலி 191 செ.மீ. உயரம், கை வீச்சு (இரு கைகளையும் விரித்தால் நுனி முதல் நுனி வரை) 198 செ.மீ. டைசன் 178 செ.மீ., வீச்சு 180 செ.மீ. அலியே பெரியவர் என்று எழுதிவிட்டு நகராதீர்கள், எடையையும் பாருங்கள். நாம் குறித்த இரவுகளில் அலி சுமார் 96 கிலோ, டைசன் சுமார் 99 கிலோ. குள்ளமானவர்தான் கனமானவர்.

எடைக்கு அளவுக்கு மீறி மதிப்பும் தராதீர்கள். 2024 மே மாதம் ரியாத்தில் சுமார் 101 கிலோ ஓலெக்சாண்டர் உசிக், சுமார் 119 கிலோ டைசன் ஃபியூரியை (இவர் வேறு டைசன்) புள்ளிகளில் வென்றார்.

படி 4: ஒத்த எதிராளியைத் தேடுங்கள்

முறையின் உயிர் இங்கே இருக்கிறது. டைசனைப் போன்ற ஒருவரை அலி சந்தித்திருக்கிறாரா? அலியைப் போன்ற ஒருவரை டைசன் சந்தித்திருக்கிறாரா?

அலி பக்கம் ஜோ ஃப்ரேசியர்: குனிந்து, அசைந்து, உள்ளே புகுந்து இடது ஹூக் வீசுகிறவர். 1971இல் 15ஆவது சுற்றில் அதே ஹூக்கால் அலியை வீழ்த்தினார். ஆனால் அது தடைக்குப் பிந்தைய அலி. நாம் எடுத்த ஆளுக்கு நேரடிச் சாட்சி ஆகாது. 1963இல் ஹென்றி கூப்பர் நான்காவது சுற்றின் கடைசியில் இடது ஹூக்கால் வீழ்த்தியது கால்கள் வேகமாக இருந்த அலியை. ஆகவே அந்த ஓட்டை ஆரம்பத்திலிருந்தே இருந்தது: கைகளைத் தாழ்த்தி, தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பது.

டைசன் பக்கம் 1986இல் ஜேம்ஸ் டில்லிஸ் கால்களை நம்பி பத்துச் சுற்றும் நின்றார். 1987இல் போன்கிரஷர் ஸ்மித்தும் டோனி டக்கரும் கட்டிப்பிடித்தே 12 சுற்றுகளைக் கடத்தினார்கள். 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் நீண்ட ஜாபாலும் நெருங்கினால் பிடித்துக்கொள்வதாலும் அவரை வென்றார். டக்ளஸைப் பென்சிலால் எழுதுங்கள். தேதி நம்முடையது இல்லை.

படி 5: தடுமாறிய சுற்றுகளைப் பாருங்கள்

வென்ற சண்டைகளின் இறுதி நொடிகள் எதுவும் சொல்லித்தராது. டக்கர் சண்டையின் பின்பாதியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர்கள் உங்களுக்குப் பதிலாக முடிவு செய்துவிடுவார்கள். வலது கையால் விலாவில் ஹூக், அதே கையால் தாடைக்கு அப்பர்கட் என்பது டைசனின் முத்திரை. பிடித்துக்கொள்ளும் எதிராளியிடம் அந்த இரண்டாவது குத்து எத்தனை முறை வராமலேயே போகிறது என்று எண்ணுங்கள்.

மௌனப்பட காலத்துப் பதிவுகள் கையால் சுழற்றிய கேமராக்களில் எடுக்கப்பட்டவை. இன்றைய வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் வெட்டி வெட்டித் துள்ளுவார்கள். முக்கால் வேகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கேலி செய்யுங்கள்.

படி 6: சுற்றுச் சுற்றாக எழுதுங்கள்

என் நோட்டில் முதல் நான்கு சுற்றுகளில் மூன்று டைசனுக்கு. ஒருமுறை அலி கீழே விழுகிறார். ஆறாவதிலிருந்து ஜாபும் பிடியும் வேலை செய்கின்றன. 15 சுற்றென்றால் அலிக்கு 60 விழுக்காடு. 12 என்றால் 55. நூற்றுக்கு நூறு என்று எழுதத் தோன்றினால் படி 4க்குத் திரும்புங்கள்.

பின்சேர்க்கை

‘அலியை ஃப்ரேசியர் வென்றார், ஃப்ரேசியரை ஃபோர்மன் வென்றார், எனவே ஃபோர்மன்தானே பெரியவர்?’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். 1973இல் கிங்ஸ்டனில் ஃப்ரேசியரை ஆறு முறை வீழ்த்திய அதே ஃபோர்மனை, 1974இல் கின்ஷாசாவில் எட்டாவது சுற்றில் அலி முடித்தார். சங்கிலி வட்டமாகிவிட்டது. இந்தக் கணக்கு குத்துச்சண்டையில் செல்லாது.

மார்சியானோவின் 49-0 (49 சண்டை, 49 வெற்றி) பற்றியும் கேள்விகள் வந்தன. அவர் சுமார் 84 கிலோ, இன்றைக்கு 90.7 கிலோவுக்குள் அடங்கும் குரூசர்வெயிட் பிரிவில்தான் நிற்பார். அவரை இன்றைய ராட்சதர்களோடு மோதவிடுமுன், எடை ஏற்றிய மார்சியானோவா, அதே மார்சியானோவா என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

முதல் பயிற்சிக்கு லாரி ஹோம்ஸ்–லெனாக்ஸ் லூயிஸ் ஜோடி நல்லது. இருவருக்கும் ஜாப்தான் ஆயுதம், படங்கள் தெளிவாகக் கிடைக்கின்றன. டைசன், ஹோலிஃபீல்ட், ரே மெர்சர் போன்ற பொது எதிராளிகளும் உண்டு. இந்த மூவரையும் ஹோம்ஸ் சந்தித்தது உச்சம் முடிந்த பிறகு. எனவே படி 1இல் அவருக்கு 1978இல் கென் நார்ட்டனை வென்ற இரவைக் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.