கோப்பின் ஜாதகத்தை டெர்மினலில் பார்ப்பது எப்படி?

போன மாதம் ஒரு தளத்திலிருந்து விண்ணப்பப் படிவம் ஒன்றை இறக்கினேன். பெயரின் கடைசியில் பி.டி.எஃப் என்று இருந்தது, ஐகானும் அப்படியே. திறந்தால் கோப்பு பழுதாகிவிட்டது என்று வந்தது. மூன்று முறை இறக்கினேன், மூன்று முறையும் அதே கதை. அப்புறம்தான் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் சாளரத்தில், ஒரு கட்டளை கொடுத்துப் பார்த்தேன். அது பி.டி.எஃப்பே இல்லை! நான் உள்நுழைந்து நெடுநேரமாகிவிட்டதால், 'மறுபடி உள்நுழையவும்' என்கிற வலைப்பக்கத்தைப் படிவத்தின் பெயரிலேயே அந்தத் தளம் அனுப்பியிருக்கிறது. பெயரை நம்பி அரை மணி நேரம் போயிற்று.

ஒரு கோப்பைப் பற்றிக் கணினிக்கு என்னென்ன தெரியும், அதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதை லினக்ஸில் செய்து பார்ப்போம். நான் பயன்படுத்துவது உபுண்டு என்ற லினக்ஸ் வகை. விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல் நிறுவிக்கொண்டால் இதே கட்டளைகள் வேலை செய்யும். மேக்கில் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். 'டி' என்ற ஒலி இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பொது என்பதால், எந்த டி என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கோப்பின் பெயர்களை மட்டும் தமிழிலேயே தட்டலாம். லினக்ஸ் மறுப்புச் சொல்லாது.

1. பழக ஒரு கோப்பு

ஃபைல் மேனேஜரில் 'பழகு' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். உள்ளே போய், காலியிடத்தில் வலது கிளிக் செய்து டெர்மினலில் திறக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். வந்த கறுப்புச் சாளரத்தில் இதைத் தட்டி என்டர் அழுத்துங்கள்:

எக்கோ "தமிழ்" > பெயர்

'தமிழ்' என்ற ஒரே சொல் கொண்ட, 'பெயர்' என்ற கோப்பு தயார். பி.டி.எஃப் போலப் பெயரின் கடைசியில் ஒட்டும் பின்னொட்டு எதுவும் இல்லை. லினக்ஸுக்கு அது தேவையும் இல்லை.

2. முதல் பார்வை: எல்எஸ்

எல்எஸ் -எல் பெயர்

லிஸ்ட் என்பதன் சுருக்கம் எல்எஸ். பின்னால் வரும் எல், லாங், அதாவது விரிவாகக் காட்டு என்று பொருள். கிடைக்கும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும் (படிக்க எளிதாக இடைவெளி விட்டிருக்கிறேன்):

- | ஆர் டபிள்யூ - | ஆர் டபிள்யூ - | ஆர் - - | 1 | வீடு | வீடு | 16 | மார்ச் 4 10:20 | பெயர்

முதல் கோடு, இது சாதாரணக் கோப்பு என்கிறது. ஃபோல்டராக இருந்தால் அங்கே டைரக்டரியின் டி வரும். அடுத்த ஒன்பது இடங்களை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்று உரிமையாளருக்கு, அடுத்த மூன்று அவருடைய குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லோருக்கும். ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் இயக்கலாம். கோடு இருந்தால் அந்த அனுமதி இல்லை. அதையடுத்து வரும் 1 என்ற எண்ணுக்கு ஐந்தாம் படியில் வருகிறேன். பிறகு உரிமையாளர் பெயர், குழுவின் பெயர் (என் கணினியில் இரண்டுமே 'வீடு'), பைட் கணக்கில் அளவு, கடைசியாகத் திருத்திய நேரம், கோப்பின் பெயர்.

தேதியில் ஒரு விஷயம் பலரைக் குழப்பும். ஆறு மாதத்துக்குள் திருத்திய கோப்பு என்றால் மணி, நிமிடம் காட்டும். அதைவிடப் பழையது என்றால் அந்த இடத்தில் ஆண்டு வந்துவிடும்.

பெரிய கோப்புகளுக்கு -எல்ஹெச் என்று கொடுத்தால் அளவை மனிதருக்குப் புரியும்படி கே, எம், ஜி என்று காட்டும்.

3. 'தமிழ்' எத்தனை எழுத்து?

மேலே அளவு 16 என்று வந்ததல்லவா? நாம் எழுதியது மூன்று எழுத்து. எண்ணிப் பார்க்க வேர்ட் கவுண்ட், அதாவது டபிள்யூசி என்ற கட்டளை இருக்கிறது:

டபிள்யூசி -சி பெயர்
டபிள்யூசி -எம் பெயர்

முதலாவது 16 என்கிறது, இரண்டாவது 6 என்கிறது. நம் கணக்கையும் சேர்த்தால் மூன்று விடைகள். மூன்றுமே சரிதான்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் 'தமிழ்' என்பது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, மேலே வைக்கும் புள்ளி. நம் கண்ணுக்கு 'மி' ஒரே எழுத்து. கணினிக்கு 'ம' தனி, கொக்கி தனி. எக்கோ தன் பங்குக்குக் கடைசியில் வரி முறிக்கும் குறி ஒன்றைச் சேர்த்துவிடும். ஆக 6. இதைத்தான் -எம் எண்ணுகிறது. அந்தக் குறிகளைப் பைட்டுகளாக எழுதி வைக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும்: 5 × 3 = 15. வரி முறிப்புக்கு ஒன்று, ஆக 16. இது -சி கொடுக்கும் கணக்கு. சி என்பது பைட்டைக் குறிப்பது வேடிக்கைதான். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்றிருந்த காலத்தில் வைத்த பெயர்.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு அல்ல. வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். உபுண்டுவில் வழக்கமாக வரும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் வைத்தால் 85 குறிகளோடு முடிந்தது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்.டி.எஃப்.எஸ் பைட்டை எண்ணாமல் குறிகளையே எண்ணுவதால், 255 தமிழ்க் குறிகள் வரை அங்கே இடமுண்டு. அங்கிருந்து நீளமான தமிழ்ப் பெயருள்ள கோப்பை நகலெடுக்கும்போது பெயர் நீளம் அதிகம் என்று லினக்ஸ் அடம் பிடித்தால் காரணம் இதுதான்.

4. முழு ஜாதகம்: ஸ்டாட்

ஸ்டாட் பெயர்

ஸ்டேட்டஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள். மேக்கில் இதோடு -எக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறைய வரிகள் வரும், பயப்பட வேண்டாம். சைஸ் என்ற இடத்தில் 16 இருக்கும். பக்கத்தில் பிளாக்ஸ் 8 என்று இருக்கும். இங்கே ஒரு பிளாக் 512 பைட். எட்டும் சேர்ந்து 4096. பதினாறு பைட் கோப்புக்கு 4096 பைட் இடமா? ஆமாம். லாட்ஜில் ஒருவர் தங்கினாலும் முழு அறைக்குத்தானே வாடகை? எக்ஸ்ட்4 வழக்கமாக 4096 பைட் கொண்ட அறைகளாகத்தான் வட்டில் இடம் கொடுக்கும். குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஃபோல்டரின் அளவு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் அடைத்திருக்கும் இடத்தை மட்டும் அறிய டிஸ்க் யூசேஜ் என்பதன் முதலெழுத்துகளான டியூ என்ற கட்டளை போதும்.

ஆக்சஸ் என்ற தலைப்பு இரண்டு முறை வரும். முதலாவது அனுமதிகள், 0664 போல எண்ணாகவும் இருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிய எண்கள் அவை. இரண்டாவது ஆக்சஸ், நேரம். இங்கிருந்து நான்கு நேரங்கள் வரிசையாக வரும்.

ஆக்சஸ் என்பது கடைசியாகப் படித்த நேரம், மாடிஃபை என்பது உள்ளடக்கத்தைக் கடைசியாகத் திருத்திய நேரம். சேஞ்ச் என்பதை உருவாக்கிய நேரம் என்று நினைப்பவர்கள் ஏராளம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது கோப்பைப் பற்றிய தகவல் கடைசியாக மாறிய நேரம். சோதித்துப் பாருங்கள்:

சிஹெச்மோட் 600 பெயர்
ஸ்டாட் பெயர்

சேஞ்ச் மோட் என்பதன் சுருக்கம் அந்தக் கட்டளை: சி, ஹெச், அப்புறம் மோட் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள். உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை மாற்றியிருக்கிறோம். மாடிஃபை நேரம் அசையவில்லை, சேஞ்ச் நேரம் மட்டும் மாறியிருக்கும்.

அடுத்து, 'கேட் பெயர்' என்று கொடுத்துக் கோப்பைப் படியுங்கள். பூனைக்கான ஆங்கிலச் சொல்லேதான். ஸ்டாட்டில் ஆக்சஸ் நேரம் நகர்ந்திருக்கும். உடனே இன்னொரு முறை படித்தால் நகராது! ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வட்டில் நேரம் குறிப்பது வீண் வேலை என்று, 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸ் சிக்கனமாகிவிட்டது. ஏற்கெனவே குறித்த நேரம் கோப்பின் கடைசி மாற்றத்துக்குப் பிந்தியதாக இருந்தால், 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் புதிதாகக் குறிக்கும். ஆகவே ஆக்சஸ் நேரத்தை வைத்து 'யாரும் திறக்கவில்லை' என்று சத்தியம் செய்யாதீர்கள்.

நான்காவது பர்த், அதாவது கோப்பு பிறந்த நேரம். பழைய லினக்ஸில் இங்கே வெறும் கோடுதான் தெரியும். எக்ஸ்ட்4 அந்த நேரத்தை முன்பே குறித்து வைத்திருந்தாலும், அதைக் கேட்டு வாங்கும் வழி 2017இல் வந்த 4.11 கெர்னலில்தான் சேர்ந்தது.

5. பெயர் கோப்புக்குள் இல்லை

எல்எஸ் -ஐ பெயர்

ஒரு நீண்ட எண் வரும். அதுதான் ஐநோட் எண், கோப்பின் உண்மையான அடையாளம். அளவு, உரிமையாளர், நேரங்கள் எல்லாம் ஐநோடில் இருக்கின்றன. பெயர் மட்டும் இல்லை. பெயர் ஃபோல்டரில் இருக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவே. 'எல்என் பெயர் செல்லப்பெயர்' என்று கொடுத்து இரண்டுக்கும் ஐநோட் எண்ணைப் பாருங்கள், ஒரே எண். எல்எஸ் -எல் கொடுத்தால் முன்பு விட்டு வைத்த அந்த 1 இப்போது 2 ஆகியிருக்கும். ஒரு கோப்பு, இரண்டு பெயர்.

6. உள்ளே என்ன: ஃபைல்

என் படிவத்தின் குட்டை உடைத்த கட்டளை இதுதான்:

ஃபைல் பெயர்

யூ.டி.எஃப்-8 டெக்ஸ்ட் என்று பதில் வரும். இப்போது ஃபைல் மேனேஜரில் பெயரை மாற்றி, பின்னால் புள்ளி வைத்து பி.டி.எஃப் என்று ஒட்டுங்கள். மறுபடி கேட்டாலும் பதில் அதேதான். இந்தக் கட்டளை பெயரைப் பார்ப்பதே இல்லை. கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கிறது. உண்மையான பி.டி.எஃப் சதவீதக் குறியில் தொடங்கி, அதை ஒட்டி பி.டி.எஃப் என்ற எழுத்துகள் வரும். ஜிப் கோப்பு பி, கே என்று தொடங்கும். ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள். இன்றைய வேர்ட் ஆவணம் ஒன்றின் மீது 'ஹெட் -சி 2' கொடுங்கள். அங்கேயும் பி, கே தெரியும். வேர்ட் ஆவணம் உண்மையில் ஜிப் பொட்டலம்தான்.

7. தேதியை நம்பலாமா?

பெயரை முன்போல வெறும் 'பெயர்' என்று மாற்றிக்கொண்டு:

டச் -டி "1990-01-01" பெயர்

தொடுவதற்கான ஆங்கிலச் சொல்தான் டச். பின்னால் உள்ளது டேட்டின் டி. இப்போது எல்எஸ் -எல் கொடுத்தால் 1990 என்று ஆண்டு காட்டும். லினக்ஸே 1991இல்தான் வந்தது! யாராவது கோப்பின் தேதியைக் காட்டி 'போன வருஷமே எழுதிவிட்டேன்' என்றால், அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும் என்பது நினைவிருக்கட்டும்.

கடைசியாக ஒருமுறை ஸ்டாட் கொடுங்கள். ஆக்சஸும் மாடிஃபையும் 1990 என்று சாதிக்கும். சேஞ்ச், பர்த் இரண்டிலும் இன்றைய தேதி இருக்கும். அவற்றை மாற்ற டச் கட்டளையால் ஆகாது.