காட்டோரம் கொல்லை வைத்திருக்கும் சென்னைக்காரர்களுக்கு

குடியிருப்பது வேளச்சேரியில். மதுராந்தகத்துக்கு அந்தப்பக்கம், காப்புக்காட்டை ஒட்டி, அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் கொல்லை இருக்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலைத் தாண்டிப் போய் இறங்கினால், பக்கத்து நிலத்துப் பெரியப்பா சொல்லும் முதல் சேதி பெரும்பாலும் ஒன்றுதான்: "ராத்திரி பன்னி எறங்கிடுச்சுடா." என்னைப் போல ஊரில் நிலமும் சென்னையில் வேலையுமாக இருப்பவர்கள் நிறையப் பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், அதனால் தெரிந்ததை மொத்தமாக ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் வருஷம் நான் செய்தது பட்டாசு வாங்கிக் கொடுத்ததுதான். நான்கு நாள் ஓடின. ஐந்தாவது நாள் வெடிச்சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கடலையைக் கிளற ஆரம்பித்தன. விரட்டுவது கடைசி வேலை என்று அப்போதுதான் புரிந்தது. அது எங்கிருந்து வருகிறது, எதற்கு வருகிறது என்று பார்ப்பதில்தான் பாதிக்கு மேல் வேலை இருக்கிறது.

காட்டுப்பன்றியை எடுத்துக்கொள்வோம். காப்புக்காடு பக்கத்தில் இருப்பதால் எல்லாரும் காட்டைத்தான் கை காட்டுவார்கள். ஒரு நாள் காலையில் குளம்புத் தடத்தைப் பின்தொடர்ந்து நடந்து பாருங்கள். எங்கள் ஊரில் அந்தத் தடம் ஏரிக்குள் அடர்ந்து கிடந்த சீமைக்கருவேலம் புதருக்குப் போனது. பகல் முழுக்க அங்கே படுத்துக் கிடந்து, சேற்றில் புரண்டு, இருட்டியதும் கொல்லைக்கு வந்திருக்கின்றன. அதனால் வேலி போடக் காசு சேர்ப்பதற்கு முன்னால், வரப்போரமும் வாய்க்காலோரமும் இருக்கும் புதரை வெட்டுங்கள். ஏரிக்குள் இருப்பதை நாமாக வெட்ட முடியாது, பஞ்சாயத்தில் மனு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, பன்றிக்குப் பார்வை மட்டம், மூக்குதான் எல்லாம். மண்ணுக்குள் இருக்கும் கடலையை மோந்தே கண்டுபிடித்துவிடும். காய் பிடிக்கிற சமயத்திலிருந்து பிடுங்குகிற வரைக்கும்தான் கடலைக்கு ஆபத்து அதிகம், ஆகவே காவலுக்கு ஆளோ பணமோ கொஞ்சமாக இருந்தால் அதை அந்த வாரங்களுக்கு என்று ஒதுக்கி வையுங்கள், விதைத்த நாளிலிருந்தே கொட்டாயில் ஆள் போட்டால் தேவைப்படும் நேரத்தில் அவர் சலித்துப்போய்த் தூங்கிவிடுவார். சுற்றிலும் பழைய சேலை கட்டுவதை எல்லாரும் செய்கிறார்கள், கேலி செய்ய வேண்டாம், சில நாளைக்கு அது கேட்கும். புதிதாக ஏதோ சுவர் மாதிரி நிற்பதைப் பார்த்துத் தயங்கும், அப்புறம் மூக்கால் தள்ளிப் பார்க்கும், தள்ளினால் சேலை நகர்கிறது என்று தெரிந்ததும் கதை முடிந்தது. அதனால் சேலை, விளக்கு, தகரம் தட்டுவது, ரேடியோவில் ஆள் பேச்சு எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்காமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இடத்தையும் மாற்றுங்கள்.

ஓரப்பயிர் வைக்கச் சொல்லி வேளாண் ஆராய்ச்சிக்காரர்கள் பரிந்துரைப்பதும் நல்ல யோசனைதான். மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு, கடலையைச் சுற்றி குசும்பா என்ற முள் இருக்கும் எண்ணெய் வித்துச் செடி நான்கு வரிசை. ஆமணக்கு வாசனை உள்ளே இருப்பதை மறைக்கும், பன்றி அதைத் தின்னவும் செய்யாது. குசும்பா முள் குத்தும். இரண்டுக்கும் அறுவடையில் கொஞ்சம் காசும் வரும்.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் உதவியது பெரியப்பாவோடும் அக்கம்பக்கத்து நான்கு பேரோடும் பேசி ஒரே வாரத்தில் விதைத்தது. தனியாக முன்கூட்டியே விதைத்தவன் கொல்லை முதலில் காய் பிடிக்கும், மொத்தக் கூட்டமும் அங்கேதான் விருந்துக்கு வரும். எல்லாரும் சேர்ந்து விதைத்தால் சேதம் பிரிந்து போகும், காவலையும் முறை வைத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து போகிறவர்கள் பொதுவாக இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள், ஏனென்றால் நமக்கு லீவு கிடைக்கிற நாள்தான் நமக்கு விதைக்கிற நாள்.

சரி, வேலிக்கு வருவோம். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. யாராவது "ஒரு ராத்திரிதானே" என்று சொன்னால் அவரைக் கூட்டிவைத்து இதை விளக்குங்கள். அந்தக் கம்பியில் ஓடுவது 230 வோல்ட், விடாமல் ஓடுகிறது, தொட்டவர் கையை எடுக்க முடியாது. ராத்திரி மோட்டார் போட வரப்பில் நடந்து வருகிற பக்கத்து நிலத்துக்காரர் செத்தால் அது ஜென்மத்துக்கும் தீராத பகை, ஜெயிலும் உண்டு. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படித் திருட்டுத்தனமாக மின்சாரம் கொடுத்த வேலியில் மூன்று பெண் யானைகள் விழுந்தன, கூட வந்த இரண்டு குட்டிகள் செத்த தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை ஊரே பார்த்தது. சோலார் வேலி வேறு சமாச்சாரம். அதில் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் நொடிக்கு ஒரு தடவை, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும் துடிப்பாகத்தான் வரும். சுள்ளென்று அடிக்கும், ஆளைக் கொல்லாது. அதற்கும் 2023இல் தமிழ்நாடு அரசு தனி விதி கொண்டுவந்திருக்கிறது, மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும், காட்டுக்குப் பக்கத்தில் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். "சோலார்தானே, நானே போட்டுக்கிறேன்" என்று கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாட்டிவிடாதீர்கள். போட்ட பிறகு கம்பிக்குக் கீழே புல் வளரவிடக் கூடாது, புல் பட்டால் துடிப்பு மண்ணில் இறங்கி வேலி சும்மா கயிறாகிவிடும். மாதம் இரண்டு தடவை புல் வெட்ட ஆள் இல்லை என்றால் சோலார் வேலியே வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு ஆறு மாதம் காவலாள் வைக்கலாம்.

அவுட்டுக்காய் பற்றி ஒரு வரி போதும்: பழத்துக்குள் வெடி வைப்பது பன்றிக்கென்று வைத்தாலும் கடிப்பது மாடாகவும் இருக்கும், யானை இருக்கும் பக்கமாக இருந்தால் யானையாகவும் இருக்கும், எடுத்து விளையாடும் பிள்ளையாகவும் இருக்கும்.

பன்றியைச் சுடலாமாமே என்று கேட்பவர்களுக்கு. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடுவது, அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்ய வேண்டும். நமக்கோ நம் மச்சானுக்கோ அதில் வேலை இல்லை. எங்கள் கொல்லை முதல் கணக்கில் வருவதால் எனக்கு இந்தப் பேச்சே தேவைப்படவில்லை.

மயில் விஷயத்தில் கோபம் வரும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, விஷம் வைத்துப் பிடிபட்டால் குறைந்தது 3 வருஷம், 7 வரைக்கும் போகும். அது கொத்துவது பெரும்பாலும் முளைவிட்ட விதையை, காலையிலும் சாயங்காலத்திலும். விதைத்த முதல் பத்து நாள், அந்த இரண்டு வேளை மட்டும் ஆள் இருந்தால் பெரும்பகுதி தப்பிக்கும். பளபள ரிப்பன் இரண்டு மூன்று நாளைக்கு உதவும்.

இப்போது கொஞ்சம் சென்னைக்கு வருகிறேன், ஏனென்றால் காட்டோரப் பிரச்சினை இங்கேயும் இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாலு பக்கமும் நகரம். அதை ஒட்டிய தெருக்களிலும் ஐஐடி பக்கமும் வண்டலூர்க் காட்டோரமும் குரங்குத் தொல்லை என்று புலம்பாதவர் கிடையாது. நம் அடுக்கு மாடிக் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன்: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மூடி போட்டுக் கம்பியால் கட்டினோம், குப்பைத் தொட்டியை உள்ளே வைத்தோம், ஜன்னலுக்கு வலை அடித்தோம். அப்படியும் தினம் வந்தன. பார்த்தால் மூன்றாவது மாடியில் ஒரு மாமி அனுமாருக்கு என்று காலையில் வாழைப்பழம் வைக்கிறார். ஒரு வீடு வைத்தால் ஐம்பது வீடு அடைத்தும் பயன் இல்லை. அவரிடம் சண்டை போட்டு நடக்கவில்லை, அவர் பேத்தி கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கிய அன்றைக்குத் தானாக நின்றது. எதிரே வந்தால் கண்ணைப் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள், குரங்கு மொழியில் அது மிரட்டல். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே என்ன இருந்தாலும் அதற்குத் தீனிதான். பிடித்து வேறு ஊரில் விடச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள், அந்த ஊர்க்காரர் தலையில் கட்டுகிறோம், இங்கே காலியான இடத்துக்கு வேறு கூட்டம் வரும்.

புள்ளிமான் விஷயத்தில் தொல்லை தருவது நாம்தான். வெளியே வருகிற மானைத் தெருநாய் துரத்துகிறது, குப்பையோடு பிளாஸ்டிக்கைத் தின்று வயிறு அடைத்துச் சாகிறது. காட்டு மதிலோரம் சாப்பாட்டுக் குப்பை கொட்டாவிட்டால் நாயும் குறையும், மானும் பிழைக்கும்.

பாம்பு. இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள், ஏனென்றால் பன்றி பயிரைத்தான் தின்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியில் இறந்ததாக ஆராய்ச்சி மதிப்பீடு சொல்கிறது, அதில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள். பெரும்பாலான சாவுக்குக் காரணம் நான்கு பாம்பு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பாம்பு எலிக்காக வருகிறது, எலி நெல்லுக்காகவும் சிந்திய தவிட்டுக்காகவும் வருகிறது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள். வயலில் எலி வளை அதிகம் என்றால் மருந்து வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருளர் குடும்பங்கள் இருந்தால் கேளுங்கள், வளை தோண்டி எலி பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. உரிய கூலியைக் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே தெரியாது, பல் தடமும் கண்ணுக்குப் படாது. காலையில் வயிற்று வலி என்பார்கள், கண் இமை சொருகும், அதற்குள் நேரம் போயிருக்கும். ஆகவே கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுக்கச் சொல்லுங்கள். கொல்லைக்காட்டில் காவல் இருப்பவருக்கு நாம் வாங்கித் தரக்கூடிய நல்ல பொருள் கொசுவலையும் டார்ச்சும் கணுக்கால் மூடிய ஷூவும்தான்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பை அடித்து எடுத்துவர அலையாதீர்கள். மோதிரம், கொலுசு, அரைஞாண் இறுக்கமாக இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். கடித்த கை காலை அசைக்காமல் துணியோடு குச்சி வைத்துக் கட்டுங்கள், நடக்க விடாதீர்கள், கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 108க்குக் கூப்பிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இலவசம். அங்கே ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். "ஊசி போடாமல் சும்மா உட்காரவைக்கிறார்கள்" என்று நம்மவர்கள் சண்டைக்குப் போவது அந்த 20 நிமிஷத்தில்தான். அந்தச் சோதனை விரியன் விஷத்தைக் காட்டிக்கொடுப்பது, பொறுத்திருங்கள். மருந்துக்கு வேண்டிய விஷம் பெரும்பாலும் நம் ஈசிஆரில் இருக்கும் வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது, 1978இல் தொடங்கியது. பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோன பிறகு அவர்களுக்குப் பிழைப்பாக வந்தது. விஷம் எடுத்ததும் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அங்கே இருந்த இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஊர் கூடிப் பேசும்போது "நாம மட்டும் ஏன் பொறுத்துப் போகணும்" என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி, அதற்கு உபதேசம் பதில் ஆகாது. எங்கள் பக்கத்தில் வேடந்தாங்கலைக் காட்டுவேன். அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கருணை மட்டும் காரணம் இல்லை. ஏரி மரங்களில் ஆயிரக்கணக்கில் அடையும் கொக்கும் நாரையும் போடும் எச்சம் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் வயலுக்கு உரத்தோடு வருகிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். லாபம் தெரிகிற இடத்தில் ஊர் பொறுக்கும். பன்றி விஷயத்தில் அந்த லாபம் கிடையாது, ஆகவே நஷ்டஈட்டையாவது விடாமல் வாங்க வேண்டும்.

அதற்கு: சேதமான அன்றைக்கே, தடம் அழிவதற்கு முன்னால், கொல்லையின் அடையாளம் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்தும், பிறகு கிட்டத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். நாம் சென்னையில் இருந்தால் ஊரில் ஒருவருக்கு இதைப் பழக்கி வையுங்கள், பெரியப்பாவுக்கு நான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பக் கற்றுக்கொடுத்ததே இதற்காகத்தான். பட்டா, சிட்டா நகலும், விஏஓ கொடுக்கும் அந்தப் பருவத்து அடங்கலும் கையில் இருக்கட்டும். அடங்கலில் வேர்க்கடலை என்று ஏறாமல் தரிசு என்று கிடந்தால் ஒரு பைசா வராது, விதைத்ததுமே போய்ச் சரிபாருங்கள். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் போனது. மனுவை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துத் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள், பார்வையிட வரும் அன்று சேதமான செடியைப் பிடுங்கிப் போட்டுவிடாமல் அப்படியே விடுங்கள். கால் ஏக்கர்தானே என்று விடவும் வேண்டாம். மனு இல்லாத சேதம் அவர்கள் கணக்கில் நடக்கவே இல்லை, அடுத்த வருஷம் எந்த ஊருக்கு அகழி வெட்டுவது, எங்கே ஆள் போடுவது என்று அந்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள். போன பருவத்தில் எங்கள் ஐந்து பேரின் மனுவையும் ஒரே நாளில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம், அடுத்த வாரமே வனவர் வந்து அந்த ஏரிப் புதரைப் பார்த்துவிட்டுப் போனார்.