கேலக்டோஸ் கொடுத்தால் ஈஸ்ட் ஏன் தாமதிக்கிறது? நான்கு பாட்டில், நான்கு பலூன்

ரொட்டி ஈஸ்ட்டுக்குக் கேலக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கத் தெரியும். அதற்கான மரபணுக்கள் அதனிடம் எப்போதும் இருக்கின்றன. ஆனால் குளுக்கோஸ் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அவற்றை மூடியே வைத்திருக்கும். மகளின் அறிவியல் கண்காட்சிக்காகப் புதுச்சேரியில் எங்கள் வீட்டில் மூன்று முறை செய்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

குளுக்கோஸ் மருந்துக் கடையில் கிடைக்கும். பழச்சுவை சேர்க்காததாக வாங்குங்கள். கேலக்டோஸும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் பொடியும் ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில்தான் கிடைக்கும். கரண்டியால் அளக்காதீர்கள்; சிறிய மின்னணுத் தராசு வேண்டும்.

படி 1: நான்கு அரை லிட்டர் பாட்டில்களில், கொதித்து வெதுவெதுப்பாக ஆறிய நீர் 100 மி.லி. வீதம் ஊற்றுங்கள். முதலாவதில் 5 கிராம் குளுக்கோஸ், இரண்டாவதில் 5 கிராம் கேலக்டோஸ், மூன்றாவதில் 5 கிராம் கேலக்டோஸுடன் 1 கிராம் குளுக்கோஸ். நான்காவதில் சர்க்கரையே வேண்டாம். எல்லாவற்றிலும் அரை கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் போடுங்கள். புதிய நொதிகளை உண்டாக்க ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் தேவை.

படி 2: ஒவ்வொன்றிலும் 2 கிராம் உலர் ஈஸ்ட். நான் தவறியது இங்கேதான். ரொட்டி சுடும் பழக்கத்தில், ஈஸ்ட்டை எழுப்புவதற்காக ஒரு சிட்டிகைச் சர்க்கரை கலந்த நீரில் முதலில் ஊறவைத்தேன். கேலக்டோஸ் பாட்டிலின் பலூனும் உடனே எழுந்தது. மகள் கைதட்டினாள். சற்று நேரத்தில் பலூன் அப்படியே நின்றுவிட்டது. எழுப்பியது கேலக்டோஸ் அல்ல, அந்தச் சிட்டிகைச் சர்க்கரை. ஈஸ்ட் அதைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடும். குளுக்கோஸ் இருக்கும்போது மிக்-1 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து கேலக்டோஸ் மரபணுக்களை அடக்கிவைக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் ஸ்னஃப்-1 என்ற நொதி மிக்-1 மீது பாஸ்பேட்டை ஏற்றி, அதை வெளியே அனுப்பும். அப்போதும் கேல்-4 என்ற இயக்கும் புரதத்தைக் கேல்-80 பிடித்துக்கொண்டிருக்கும். கேலக்டோஸை உணரும் கேல்-3 வந்துதான் அந்தப் பிடியை விலக்கும். அதன் பிறகே நொதிகள் உருவாகும். தாமதம் இதனால்தான். ஆகவே ஈஸ்ட்டை வெறும் நீரில் மட்டும் ஊறவையுங்கள்.

படி 3: பலூன்களை இருமுறை ஊதித் தளர்த்தி, பாட்டில் வாயில் மாட்டி நிழலில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பலூனின் சுற்றளவை நூலால் அளந்து குறியுங்கள். எங்கள் வீட்டில் குளுக்கோஸ் பலூன் அரை மணியிலேயே நிமிர்ந்தது. கேலக்டோஸ் பலூன் மாலை வரை துவண்டே கிடந்தது. மூன்றாவது எழுந்தது, நின்றது, பிறகு மெல்ல மீண்டும் எழுந்தது. மே மாத வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து நான்காவதும் லேசாக உப்பும். அந்த அளவை மற்றவற்றிலிருந்து கழித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: பால் சர்க்கரையான லாக்டோஸைப் போட்டதில் இரண்டு நாளாகியும் பலூன் எழவில்லை என்று கடலூரிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். எழாது. லாக்டோஸை உடைக்கும் நொதிக்கான மரபணுவே ரொட்டி ஈஸ்ட்டிடம் இல்லை. லாக்டேஸ் மாத்திரையைப் பொடித்துப் போட்டு ஒரு நாள் ஊறவைத்து, பிறகு ஈஸ்ட்டைச் சேர்த்துப் பாருங்கள். லாக்டோஸ் குளுக்கோஸும் கேலக்டோஸுமாக உடைந்திருக்கும். மூன்றாம் பாட்டிலில் கண்ட அந்த நிறுத்தம் இதிலும் வரும்.