பாடசாலைக்கு உதவ நினைக்கும் கடைக்காரர்களுக்கு

பாடசாலைக்கு உதவுவது என்றால் பரிசளிப்பு விழாவுக்குக் கேடயம் வாங்கிக் கொடுப்பது என்றே யாழ்ப்பாணத்தில் பலர் நினைக்கிறோம். காசைவிட உங்கள் தொழில் அங்கே கூடுதலாகப் பயன்படும். உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. அதைப் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகப் படம் போதாது. மோட்டார் சைக்கிள் திருத்துமிடம் வைத்திருக்கிறீர்களா? வேலை குறைந்த ஒரு பிற்பகலில் ஐந்தாறு மாணவர்களை அழையுங்கள். பழைய கார்புரேட்டர் ஒன்றைக் கழற்றி மேசையில் பரப்பி, அவர்கள் கையாலேயே மறுபடி பூட்ட விடுங்கள். அடைபட்ட சிறு துளையைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது. அச்சகம் என்றால், வெட்டி மிஞ்சும் கடதாசியைச் சேர்த்துத் தைத்துக் கொடுங்கள். கணக்குச் செய்து பார்க்க நல்ல கொப்பி.

நேரே வகுப்புக்குப் போய்விடாதீர்கள். முதலில் அதிபரிடம் பேசுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரும் அவரே. என்ன தேவை என்று கேட்டபின் கொடுங்கள். பெரிய பாடசாலைகளுக்கு உதவ வெளிநாட்டிலும் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். தீவகத்துச் சிறிய பாடசாலைகளை முதலில் நினையுங்கள் என்பதே என் வேண்டுகோள். பரீட்சைக்கு முந்திய வாரங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள்.